ரொட்டி இறங்காத கருப்பையா

கண்டியில் புற்றுநோய் வார்டுச் சிற்றூழியனான எனக்கு இரண்டு வேலை: தள்ளுவண்டி தள்ளுவது, டொக்டர் சிங்களத்தில் சொல்வதை நோயாளிக்குத் தமிழில் சொல்வது. இரண்டில் எது பாரம் என்று ஆஸ்பத்திரியில் யாருக்காவது துணைக்கு நின்றிருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

மாவின் குற்றம்

வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாய் ஒட்டிக் கட்டிய காம்பராக்களில் ஒன்றிலிருந்து கருப்பையா தன் மனைவி மாரியாயியோடு வந்தார். முதலில் ரொட்டி நெஞ்சில் நின்றதாம். மாவு சரியில்லை என்றார்; மாவை மாற்றினார்கள். பிறகு ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்றார். அப்புறம் சோறும் நின்று, கஞ்சி மட்டும் இறங்கியது. சாரம் இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்த பிறகும் வெற்றிலை புகையிலையை விடவில்லை. ஏன் முன்பே வரவில்லை என்று டொக்டர் கேட்டதைத் தமிழில் சொன்னேன். மாரியாயி முந்திக்கொண்டார்:

"வலிச்சாத்தானேங்க வருவாரு? வலிக்கல. என்னையத்தான் திட்டிக்கிட்டே இருந்தாரு."

பக்கத்துக் காம்பரா

குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை எடுத்துச் சோதித்தார்கள், ஸ்கேனும் எடுத்தார்கள். உணவுக்குழாயில் புற்றுநோய். குழாயின் சுவரில் எவ்வளவு ஆழம், அருகிலுள்ள நெறிக்கட்டிகளுக்குப் போயிருக்கிறதா, ஈரல், நுரையீரல் வரை பரவியதா என்று பார்த்துத்தான் கட்டம் சொல்வார்களாம். டொக்டர் படம் வரைந்து, மூன்றாவது கட்டம் என்றார். படத்தில் விரல் வைத்துத் தமிழில் சொல்லி முடித்தேன். கருப்பையா படத்தையே பார்த்தார். "நம்ம காம்பராவுல புடிச்ச தீ பக்கத்துக் காம்பராவுக்குப் போயிருச்சு. லயம் பூரா போகலைல்ல?" என்றார். அதை நான் சிங்களத்தில் சொன்னதும் டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"போகவில்லை. அதனால்தான் அவசரப்படுகிறேன் என்று சொல்லுங்கள்."

தீபாவளிக் குளியல்

மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு. கதிர்ச் சிகிச்சை, கூடவே ஊசி மருந்து. கதிர் படவேண்டிய இடத்துக்கு நெஞ்சில் மையால் கோடு போட்டார்கள். அந்த மிஷினில் சூடு இல்லை, தோலில் உடனே ஒன்றும் தெரியாது. ஆனாலும் உள்ளே குறித்த இடத்தைத் தேடிச் சுடுகிறது. வெளியே திரையில் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றும்.

தீபாவளிக்கு வீட்டுக்கு விட்டார்கள். திரும்பி வந்தவரின் நெஞ்சு பளபளவென்றிருந்தது. மாரியாயி நல்லெண்ணெய் வைத்து, சீயக்காய் போட்டுத் தேய்த்துவிட்டிருந்தார். கோடு ஒன்றுகூட மிச்சமில்லை. மறுபடி அளந்து கோடு போடும்வரை சிகிச்சை நின்றது. மாரியாயி அழுதார். மிஷின் அறையில் வேலை செய்த, நாங்கள் "நானா" என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் அவரைத் தேற்றினார்:

"அழாதீங்க தங்கச்சி. ஒங்கட சாமி எண்ணெய் வெக்காட்டியும் மன்னிக்கும், இந்த மிஷின் வெச்சா மன்னிக்காது."

ஒரு வாய்

சிகிச்சை முடியும்போது தொண்டை புண்ணாகி, எச்சில் விழுங்கவே கருப்பையா கண்கலங்கினார். புண் ஆறச் சில வாரம் சென்றது. கிளினிக்குக்கு வந்த நாளில், வாயால் குடித்துப் பார்க்கலாம் என்றார் டொக்டர். மாரியாயி போத்தலில் இருந்த தேத்தண்ணியை மூடியில் ஊற்றிக் கொடுத்தார். ஒரு வாய். தொண்டை மேலே ஏறி இறங்கியது. அவர் கை நெஞ்சில் மெல்லக் கீழே நகர்ந்தது. டொக்டர், தாதி, வாங்கில் வரிசையாய் உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லாரும் அந்தக் கையையே பார்த்தோம். "இறங்குதாங்க?" என்றார் மாரியாயி.

"சுடுதுடி! ஆத்திக் குடுக்கத் தெரியாதா?"

ஒரு வாய் இறங்க எத்தனை பேர் வேண்டியிருக்கிறது என்று அன்று எண்ணத் தொடங்கியதில், வீட்டில் எனக்கு ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறிப் பச்சைத்தண்ணியாய்ப் போனதுதான் மிச்சம்.