யாரிடமும் சொல்லாத பதில்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பாளையங்கோட்டையில் வாத்தியார் வீட்டில் பிறந்து, எந்தப் பிள்ளை மேலே படிக்கிறது என்றாலும் பூரித்துப்போகிறவர்களிடையே வளர்ந்தவள். தொண்ணூறுகளின் நடுவில், எம்.ஏ. முடித்துச் சும்மா இருந்தபோது, நாடு முழுக்க மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் வாழ்க்கையைப் பல வருடம் தொடர்ந்து விசாரிக்கும் ஓர் ஆய்வில் வேலை கிடைத்தது. அதே பிள்ளைகளை வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாவற்றையும் கேட்டு எழுத வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது என்று பயிற்சியில் சலிக்கச் சலிக்கச் சொன்னார்கள்.

சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் படிக்க வந்த பிளஸ் டூ மாணவி ஒருத்தி என் பட்டியலில் இருந்தாள். என்ன ஆக விருப்பம் என்ற கேள்விக்கு, டீச்சர் டிரெயினிங் போக வேண்டும், இப்போது கல்யாணம் வேண்டாம் என்று எழுதியிருந்தாள். இதை யாரிடம் சொல்லியிருக்கிறாய் என்பது அடுத்த கேள்வி. யாரிடமும் இல்லை என்பது பதில். தாளைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“யார்ட்டயும் சொல்ல மாட்டீயல்லாக்கா?”

மாட்டேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மறுவாரம் பெற்றோரை விசாரிக்க அவள் வீட்டுக்குப் போனேன். அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அப்பா வயலிலிருந்து வந்து கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். அம்மாவின் அண்ணன் வள்ளியூரிலிருந்து வந்திருந்தார். காப்பியும் மிக்சரும் வந்தன. மகள் ஒரு வேலைக்கும் குனிவதில்லை, எந்நேரமும் புத்தகம்தான் என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் டீச்சருக்குப் படிக்க ஆசைப்படுகிறாள், அதற்குள் கல்யாணம் என்று எதையும் ஆரம்பித்துவிடாதீர்கள், இப்படி ஒரு பிள்ளை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அந்த மாமாவைப் பார்த்தே சொன்னேன். தாய்மாமன் மனது வைத்தால் காரியம் நடக்கும் என்பது என் புத்திசாலித்தனம்.

அவர் காப்பியை நிதானமாகக் குடித்து முடித்தார்.

“அப்படியா? சந்தோசம். நமக்குத்தான் தெரியாமப் போச்சு,” என்றார், தங்கையைப் பார்த்து.

அவருடைய மகனுக்குத்தான் அவளைக் கொடுப்பதாக, அவள் பிறந்தபோதே பேச்சு. முறைப்பையனை வேண்டாம் என்று அந்நிய மனுஷி ஒருத்தி அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனால், பிறந்த வீட்டுக்கு அந்த அம்மா எப்படித் தலைநிமிர்ந்து போவாள்? பரீட்சை எழுதவிட்டார்கள். ரிசல்ட் வருவதற்குள் கல்யாணத்தை முடித்தார்கள்.

இதெல்லாம் அடுத்த வருடம் சீவலப்பேரிக்கு அவளைத் தேடிப் போனபோது பக்கத்து வீட்டில் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வள்ளியூரில் அவள் வாசலில் போய் நின்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். பாய் விரித்து உட்காரச் சொன்னாள். கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். விருப்பம் என்ன என்ற கேள்விக்கு, உள்ளே மாமியார் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றாள். அதற்கடுத்த வருடமும் அதே ஒன்றுமில்லை. இடுப்பில் குழந்தை மட்டும் புதிது.

அந்த இரண்டாம் தடவை, மாமியார் கடைக்குப் போயிருந்த நேரம், என்னால் தாங்க முடியவில்லை. நோட்டை மூடிவைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன். அழுதேன். அவள் அழவில்லை.

“ரிசல்ட் வந்ததும் அப்பாட்ட நானே சொல்லலாம்னு இருந்தேன். மார்க்கக் காட்டிக் கேட்டா அப்பா மாட்டேங்க மாட்டாவ,” என்றாள். குழந்தையை இடம் மாற்றி வைத்துக்கொண்டாள். “அடுத்த வருசம் நீங்க வராதீயக்கா. வேற யாரையாச்சும் அனுப்புங்க.”

அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அந்த வீட்டை என் பட்டியலிலிருந்து மாற்றிக்கொண்டேன். காரணம் கேட்டார்கள், தூரம் என்று பொய் சொன்னேன். மறு வருடம் என்னோடு வேலை பார்த்த இன்னொரு பெண் போனாள். காலையில் போனவள் கடைசி பஸ்ஸுக்குத்தான் திரும்பினாள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டேன். அந்தப் பிள்ளை பேசிக்கொண்டே இருந்தாள், எழுத எழுதத் தாள் போதவில்லை என்றாள்.

என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.