சுண்டெலிகள் காட்டிக்கொடுத்த ஸ்வெட்டர்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் தொட்டாச்சிணுங்கி. லிஃப்டில் இன்னொருவர் நின்றால் படியேறி வருவாள். ஏசி மெக்கானிக் “என்னைக் கட்டிக்கிறீங்களா?” என்று கேட்டு ஒரு வருஷமாகிறது, இன்னும் பதில் சொல்லவில்லை. இது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம். அப்பேர்ப்பட்டவளுக்கு வேலை, சுண்டெலிகளின் தைரியத்தை அளப்பது!

கூட்டல் குறி வடிவில் உயரமான ஒரு பலகை. அதன் நான்கு கைகளில் இரண்டுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்கு இல்லை. சாதாரண எலி சுவரோரம் பதுங்கும். மூளையில் ஒரு புரதத்தை நாங்கள் குறைத்துவிட்ட எலிகளோ, கடைவீதி பார்க்க வந்தவர்கள்போலத் திறந்த பக்கத்தில் உலாவும். ஆண் வாடை பட்டால் மட்டும் அவற்றுக்கும் குலை நடுங்கும். அதனால் அந்த அறைக்குள் பெண்கள்தான் போவோம்.

அன்று ஒரு எலிகூட வெளியே வரவில்லை. பேராசிரியை தலையில் அடித்துக்கொண்டார்.

“புரதமாவது புண்ணாக்காவது! மூணு மாசமா நாம பாத்ததே தப்பு போலிருக்கு. ஆராய்ச்சிய இதோட மூடிடலாம்.”

தொட்டாச்சிணுங்கிக்கு அழுகை முட்டியது. பிள்ளை மாதிரி வளர்த்த எலிகள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா?

“ஏண்டி, கோட்டுக்குள்ள என்ன ஸ்வெட்டர்? உனக்கு ரெண்டு சைஸ் பெருசா இருக்கே?”

அவள் குனிந்து பார்த்தாள். முகம் குப்பென்று சிவந்தது. அந்த வாடை அவள் மூக்குக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது, பாவம்! வாயைத் திறக்காவிட்டால் எலிகள் போய்விடும். திறந்தால் மானம் போகும்.

“மேடம், எலி மேல தப்பில்ல. இது ஏசி மெக்கானிக்கோட ஸ்வெட்டர். நேத்து குளிருதுன்னு குடுத்தார். நாங்க... கல்யாணம் பண்ணிக்கப் போறோம்.”

வராந்தாவில் ஸ்க்ரூடிரைவர் விழுந்த சத்தம். ஏணி உச்சியிலிருந்து ஒரு குரல்: “அப்ப சரின்னு சொல்றீங்களா?”

“ஆமா! முதல்ல ஏணியிலேர்ந்து இறங்குங்க!”

பேராசிரியை அவள் கையைப் பிடித்து ஸ்வெட்டரை முகர்ந்து பார்த்தார். “எலிங்க சரியாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு, கண்ணில் நீர் வருமளவு சிரித்தார்.

மறுநாள் எலிகள் பழையபடி கடைவீதி பார்க்கக் கிளம்பின. அவற்றைப் பார்க்க அவள் படியேறி வரவில்லை. லிஃப்டில் வந்தாள், பக்கத்தில் மெக்கானிக், நடுவில் அந்த ஏணி.