ஓப்பனிங் முடிந்த இடம்

போன வருஷம் ஓண விடுமுறையில், நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த செஸ் போட்டிக்கு என் கணவரைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் வீடு பாறசாலைக்குப் பக்கம். பைக் விபத்தில் தலையில் அடிபடும் வரைக்கும், இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தப் போட்டியையும் அவர் விட்டதில்லை. இப்போது நடப்பார், பேசுவார். ஆனால் காலையில் சாப்பிட்டது மதியம் நினைவிருக்காது. "ஒரு தடவை விளையாடிட்டு வாறேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மறுக்க மனசு வரவில்லை.

முதல் சுற்றில் எதிரே உட்கார்ந்தது கள்ளிக்காடு என்ற ஊரிலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பெண். இவருக்குக் கறுப்புக் காய். வழக்கமாக ஆடும் சிசிலியன் ஓப்பனிங்கையே, மனப்பாடமான அந்தத் தொடக்க நகர்த்தல்களையே, ஆடினார். சிப்பாய், குதிரை, காஸ்லிங் என்று கை தானாகப் போனது. கடிகாரத்தை அந்தப் பழைய மிடுக்கோடு தட்டினார். பார்வையாளர்களுக்காகக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மனுஷன் திரும்பி வந்துவிட்டார் என்றே நம்பினேன்.

பிறகு அந்தப் பெண் ஒரு சிப்பாயை நகர்த்தினாள். பலகைக்கு மேலே இவர் கை அப்படியே நின்றது. முகம் வெளுத்துப்போய் என்னைத் தேடித் திரும்பினார்.

"இது வரைக்கும் எனக்குத் தெரியும். இதுக்குப் பொறவு ஒண்ணும் இல்ல."

பேசக் கூடாது என்று நடுவர் கை காட்டினார். நான் உள்ளே போகவும் முடியாது. நேரம் முழுக்கத் தீரும் வரை அவர் காய்களையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

நேரம் தீர்ந்து தோற்றது அவருக்குப் புரியவில்லை. எழுந்திருக்கவும் மாட்டேன் என்றார். அந்தப் பெண்தான் அவர் பக்கத்தில் வந்து, "அண்ணா, வெளியே வாங்க. இன்னொண்ணு கூட விளையாடலாம்" என்றாள்.

சாப்பாட்டு நேரம் முழுக்க, வராந்தாவில் உட்கார்ந்து அதே ஓப்பனிங்கை அவரோடு ஆடினாள். அவருக்குத் தெரிந்த கடைசி நகர்த்தல் வந்ததும் கையை நீட்டி, "டிரா ஆக்கும், அண்ணா. ரெண்டு பேருக்கும் சமம்" என்பாள். அவர் சிரித்துக் கைகுலுக்குவார். மறுபடியும் காய்களை அடுக்குவாள். அவள் சாப்பிடவே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில், "இண்ணைக்கு நாம எங்க போயிட்டு வாறோம்?" என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவருக்கு மறந்துபோன மிச்சம் இனி திரும்ப வராது என்று எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான். அது தாங்க முடியாமல் போகும்போதெல்லாம், அவருக்குத் தெரிந்த தூரம் வரை கூட வந்து, அங்கேயே நின்றுகொள்ளச் சம்மதித்த அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன்.