‘இருக்கு’ என்று சொன்னால் நம்பாத நூர் அக்கா

நூர் அக்கா இறந்த செய்தி அவருடைய எண்ணிலிருந்தே எனக்கு வந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து நான் வந்த பஸ் சத்திரம் பேருந்து நிலையத்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. திரையில் அவர் பெயரைப் பார்த்ததும், அன்றைக்கு எந்தப் பக்கம் போகிறோம் என்று சொல்லத்தான் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். “அக்கா ஃபஜ்ரு தொழுகைக்கு முன்னாடி மவுத். சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்” என்று அவருடைய தங்கை எழுதியிருந்தார். மூளையில் ரத்தக் கசிவு. எல்லோரும் இறங்கிய பிறகும் நான் உட்கார்ந்தே இருந்தேன். கண்டக்டர் வந்து தட்டி எழுப்புவதுபோல் கம்பியைத் தட்டினார்.

கணக்கெடுப்பில் எங்களோடு சுற்றியவர்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அரசு சுகாதார நிலையங்களில் ஆணுறை, மாத்திரை, காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி எல்லாம் கிடைக்கின்றனவா என்று நேரில் போய்ப் பார்த்து டேப்லெட்டில் பதிவதுதான் எங்கள் வேலை. நூர் அக்கா என்னைவிடச் சில வயது மூத்தவர், டவுன்காரர். என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை, ‘ஸ்ரீரங்கம்’ என்பார். நான் பஸ்ஸுக்கு ஓடினால், “உங்க ஊர்ல பெருமாளே சாவகாசமா படுத்திருக்காரு, நீ ஏன் இந்த ஓட்டம் ஓடுற?” என்பார்.

எங்கே போனாலும் எங்களுக்கு முதலில் கிடைக்கும் பதில் ‘இருக்கு’. ஒரு நிலையத்தில் மருந்தாளுநர் நாற்காலியை விட்டு எழாமலே எல்லாவற்றுக்கும் “இருக்குங்க, இருக்குங்க” என்றார்.

“காட்டுங்க” என்றார் நூர் அக்கா.

“என்னங்க மேடம், என்னைப் பார்த்தா பொய் சொல்றவன் மாதிரியா இருக்கு?”

“உங்களை நம்புறேங்க. மாத்திரையைத்தான் இன்னும் பார்க்கல.”

அவர் சிரித்துக்கொண்டே எழுந்துபோய் அட்டைப்பெட்டியைத் திறந்தார். மாத்திரைகள் இருந்தன. எல்லாம் காலாவதியானவை. அவருக்கே அது தெரியாது. வெளியே வந்ததும் அக்கா சொன்னார்: “பொய் சொல்றவங்களைக் கண்டா எனக்குப் பயமில்ல. பார்க்காம சொல்றவங்களைக் கண்டாத்தான் பயம்.”

இன்னொரு இடத்தில் ஆணுறைப் பெட்டி வாசலிலேயே தொங்கியது. நிரம்பி வழிந்தது. நான் சந்தோஷமாக ‘ஆம்’ என்று பதியப்போனேன். அவர் என் தோளைத் தொட்டு மேலே காட்டினார். பெட்டிக்கு நேர் மேலே கண்காணிப்பு கேமரா. எதிரே நோயாளிகளின் வரிசை. “காலிப் பெட்டின்னா யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்கன்னு அர்த்தம். நிறைஞ்ச பெட்டி நல்ல சகுனம் இல்ல, ஸ்ரீரங்கம்.”

துவாக்குடியைத் தாண்டிய ஒரு நிலையத்தில்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தோம். சுதா என்று வைத்துக்கொள்கிறேன். சிறு தொழிற்சாலை ஒன்றில் பேக்கிங் வேலை. இரண்டாவது பிரசவத்தில்தான் இதய வால்வில் கோளாறு தெரிந்திருக்கிறது. இனிக் கர்ப்பம் தரித்தால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டார்கள். கருத்தடை ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்க டாக்டர்கள் தயங்கியதால், உடம்பு தேறும்வரை ஊசி. அதற்காக அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

ஊசி மருந்து கண்ணெதிரே இருந்தது. கண்ணாடி பீரோவில், காலாவதியாகாமல், வரிசையாக. பீரோ பூட்டியிருந்தது. சாவி பயிற்சிக்குப் போயிருந்த நர்ஸிடம்.

“வீட்டுக்காரர்கிட்ட ஆணுறை போடச் சொன்னியாம்மா?” என்று அக்கா கேட்டார்.

“சொன்னா சிரிக்கிறாருக்கா.”

டேப்லெட்டில் இருந்த கேள்வி: இன்று கையிருப்பில் உள்ளதா? ஆம், இல்லை. அக்கா விரலை உயர்த்தியபடி என்னைப் பார்த்தார். “நீ நாலு புக்கு படிக்கிறவ, சொல்லு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, இருக்கிறதா இல்லையா?” பதிலுக்குக் காத்திராமல் ‘இல்லை’யை அழுத்தி, பீரோவின் போட்டோவையும் எடுத்துச் சேர்த்தார். பிறகு சுதாவை பஸ்ஸில் ஏற்றிப் புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். போய்ச் சேர்ந்தபோது புறநோயாளிகள் பிரிவை மூடியிருந்தார்கள். “நான் பார்த்துக்கிறேன்க்கா, லீவு கிடைச்சா வரேன்” என்று சுதா கிளம்பினாள். அவள் பஸ் மறையும்வரை அக்கா நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மேற்பார்வையாளர் போன் செய்தார். “போட்டோல மருந்து தெளிவா தெரியுதேம்மா. ஏன் இல்லைன்னு போட்டிருக்கீங்க?”

“சார், போட்டோல இருக்கிற மருந்தை போட்டோல இருக்கிற பொண்ணுக்குத்தான் போட முடியும்.”

அவரும் சிரித்துவிட்டார். ஆனால் விதிப்படி கண்ணில் பட்டால் ‘ஆம்’தான். அலுவலகத்தில் திருத்திவிட்டார்கள். அதைக் கேட்டதும் அக்கா, “கணக்குல அவளுக்கு ஊசி போட்டாச்சு” என்றார். அந்தக் குரலில் கேலி இல்லை.

சுதாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மாதங்கள் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது. மாதவிலக்கு தள்ளிப்போனதை ஊசி விட்டுப்போனதால் வந்த கோளாறு என்றே நினைத்திருக்கிறாள். புத்தூர் டாக்டர் பரிசோதித்துவிட்டு, கலைப்பதற்கான கட்டம் தாண்டிவிட்டது, இனி ஒவ்வொரு வாரமும் கவனம் என்றார். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அவளை அழைத்துப் போனவர் நூர் அக்காதான். அவளுடைய கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்ப்பார். குழி விழுந்தால் முகம் இறுகும்.

“எப்படி இருக்கீங்கக்கா?” என்று கேட்டால் அவர் எப்போதும் “இருக்கேன். காட்டவா?” என்று கையைத் தூக்கி ஆட்டுவார். கடைசி வாரத்தில் பஸ்ஸில் டீயோடு தலைவலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டார். அன்று நான் கேட்டபோது “இருக்கேன்” என்றதோடு நிறுத்திக்கொண்டார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது இப்போதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அன்று நான் அக்கா வீட்டுக்குப் போனபோது அடக்கத்துக்கு ஆண்கள் போய்விட்டார்கள். உள்ளே பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். அவருடைய தங்கை அக்காவின் போனை என்னிடம் நீட்டினார். “இந்த நம்பர் காலையிலேருந்து அடிச்சிக்கிட்டே இருக்கு. எனக்கு யாருன்னு தெரியல. நீங்க பேசுறீங்களா?”

‘சுதா துவாக்குடி’ என்று திரையில் இருந்தது.

“அக்கா இருக்காங்களா?”

ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கியது. ‘இருக்காங்க’ என்று சொல்லிவிட எனக்கு நாக்கு வரை வந்தது.

“இல்லம்மா. நான் ஸ்ரீரங்கம் பேசுறேன். உனக்கு என்ன பண்ணுது?”

“படுத்தா மூச்சு முட்டுது. ராத்திரியெல்லாம் உக்காந்தேதான் இருக்கேன். யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேங்கறாங்க.”

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

புத்தூரில் சேர்த்திருக்கிறோம். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. டாக்டர்கள் வந்து பார்க்கிறார்கள், தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள், எங்களிடம் அதிகம் சொல்வதில்லை. இன்று காலை வார்டு வாசலில் நர்ஸ் என்னை நிறுத்தினார். “இருக்காங்க, நல்லாத்தான் இருக்காங்க. சாயங்காலமா வாங்க.”

நூர் அக்காவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சொல்.

“காட்டுங்க சிஸ்டர். ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போயிடுறேன்.”

சுதா தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்தது. பேச முடியாததால் கையைத் தூக்கி ஆட்டினாள்.

அவள் இருக்கிறாள், நூர் அக்கா. பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.