பதினோரு கடிகாரங்களும் இரண்டு வளையல்களும்

போன ஞாயிற்றுக்கிழமை புது வீட்டு ஹாலில் உட்கார்ந்து நானும் என் மனைவி சாந்தியும் பரிசுப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். முதல் பெட்டியில் சுவர்க் கடிகாரம். இரண்டாவதில்... சுவர்க் கடிகாரம். மூன்றாவதைப் பிரிக்கும் முன்பே உள்ளே டிக் டிக் சத்தம்!

மொத்தம் பதினொன்று. எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டு, கண்ணாடி வளையல் போட்ட கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு சாந்தி என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுல எந்தக் கடியாரத்தைக் குடுத்தா என்ற வளையலைத் திருப்பிக் குடுப்பாங்க?"

நியாயமான கேள்வி.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். நாமக்கல்லில் பதினெட்டு வருஷம் வாடகைக்கு இருந்துவிட்டு, ஒருவழியாக ஒரு பழைய வீட்டைச் சொந்தமாக வாங்க முடிவு செய்தோம். சாந்தி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "என்ற வளையல் மேல மட்டும் கை வெக்கக் கூடாதுங்க." கல்யாணத்தில் அவள் அப்பா போட்ட இரண்டு தங்க வளையல்கள் அவை. என்னுடைய அபார யோசனைகளுக்காக — கோழிப்பண்ணையில் பங்கு, எட்டே மாதம் ஓடிய ஜெராக்ஸ் கடை — அடகுக் கடைக்குப் போய்ப் போய் வழி பழகிவிட்டவை.

சத்தியம் செய்தேன். புது நோட்டு வாங்கி பட்ஜெட்டும் எழுதினேன்.

பத்திரச் செலவு, பேங்க் கேட்ட கட்டணங்கள், வக்கீல் ஃபீஸ், வீட்டை மதிப்பிட வந்த இன்ஜினியர்... எல்லாம் எழுதினேன். பழைய ஓனர் போகும்போது ஃபேன், பல்பு, குளியலறைக் குழாய் வரை கழற்றிக்கொண்டு போவார் என்று மட்டும் எழுதவில்லை. காலிங் பெல்லைக்கூட விடவில்லை மனுஷர்!

என் மச்சான், அதாவது சாந்தியின் அண்ணன், திருச்செங்கோட்டில் போர்வெல் லாரி வைத்திருக்கிறார். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே சொன்னார். "மாப்ள, ஊட்டை அப்பறம் பாருங்க. முதல்ல போரைப் பாருங்க." பூமியில் ஓட்டை போட்டுப் பிழைக்கிறவர் வேறு என்ன சொல்வார் என்று விட்டுவிட்டேன். நான் பார்த்தது பால்கனியை. அங்கே நின்று டீ குடித்தால் எழுதுகிறவன் மாதிரியே இருக்கும்!

குடி போகத் தேதி குறித்த பிறகு மோட்டார் நின்றது. அறுநூறு அடி ஆழத்திலிருந்து அதை மேலே ஏற்றிய பிளம்பர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மோட்டார் காயில் கருகிப்போச்சுங்க சார். பைப்பும் கேபிளும்கூட மாத்தோணுமுங்க."

வளையல்கள் பழகிய வழியில் மறுபடி நடந்தன. "பால் காய்ச்சின மறுநாளே மீட்டுத் தர்றேன்" என்றேன். அந்த வாரக் கடைசியிலேயே அவள் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். சொந்த அத்தை கண்ணாடி வளையலோடு போய் நிற்க முடியுமா?

என் தைரியத்துக்குக் காரணம், மொய். எங்கள் பக்கம் விசேஷ வீடுகளில் மேஜை போட்டு, நோட்டு வைத்து மொய் எழுதுவார்கள். நாம் வைத்தது நம் வீட்டு விசேஷத்தில் திரும்பி வரும். பதினெட்டு வருஷமாக ஊருக்கெல்லாம் வைத்ததைக் கூட்டிப் பார்த்தேன். வளையலை மீட்டது போக மிச்சமே இருந்தது! பட்ஜெட்டில் 'வரவு' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

பிறகு அழைப்பிதழ் எழுத உட்கார்ந்தேன். வாரா வாரம் பத்தி எழுதுகிறவன் வீட்டு அழைப்பிதழில் ஒரு வரியாவது கம்பீரமாக இருக்க வேண்டாமா? 'தங்கள் வருகையே எங்களுக்குப் பரிசு. மொய் வேண்டாம்.' சும்மா மரியாதைக்குப் போடுவதுதானே... யார் மதிக்கப்போகிறார்கள்?

மச்சான் மதித்தார்.

பால் காய்ச்சிய அன்று வாசலில் நின்று வரவேற்றது அவர்தான். ஒரு பெரியவர் சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்தார்.

"ஏனுங்க, மொய் எங்கீங்க எழுதறாங்க?"

"எழுதறதில்லீங்க. மாப்ள பத்திரிக்கைலயே போட்டுட்டாருங்க. எழுத்துக்காரரு, சொன்னாச் சொன்னதுதானுங்க. நீங்க சாப்புடப் போங்க."

கவரை வாங்கி அவர் பையிலேயே திணித்தார். பக்கத்தில் நான் புன்னகையோடு நின்றேன். கன்னம் வலித்தது.

"பாவம், ஆசையாக் குடுக்கறாரு... விடுங்க மச்சான்."

"நீங்க இளகிராதீங்க மாப்ள. நானாச்சு!"

வெறும் கையோடு வர மனசு வராதவர்கள் கொண்டுவந்தவைதான் அந்தப் பதினோரு கடிகாரங்கள்.

"பேப்பர்ல உங்குளுக்கு ஒரு வரிக்கு எவ்வளவுங்க தர்றாங்க?" என்றாள் சாந்தி, பெட்டிகளை ஒதுக்கிக்கொண்டே.

"எதுக்குக் கேக்கறே?"

"இந்த ஒரு வரிக்கு நாம எவ்வளவு குடுத்திருக்கறம்னு பாக்கத்தான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். சிரித்தால் என்ன செய்வது?

பட்ஜெட் நோட்டை எடுத்துப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி மட்டும் சேதாரமில்லாமல் இருந்தது. 'எழுத்தறை.' மாடி அறையில் தேக்கு அலமாரி, சுழல் நாற்காலி, ஏசி. அதற்கென்று எடுத்து வைத்த பணம் பேங்கில் பத்திரமாக இருந்தது. மோட்டார் போனபோது அவள் வளையலைத் தொடத் தோன்றியது எனக்கு. இதைத் தொடத் தோன்றவில்லை, பாருங்கள்!

திங்கட்கிழமை வளையல்கள் வீடு திரும்பின. பணம் எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். அவள் வளையல்களைப் போட்டுக்கொண்டு, கையை இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப மாடி ரூம்ல அரிசி மூட்டையை வெச்சுக்கலாமுங்களா?"

முதல் வீடு வாங்கப்போகிறவர்களே, கூடுதல் செலவுக்கென்று தனியாக ஒரு தொகை எடுத்து வையுங்கள். போரைப் பாருங்கள். குழாய்களை எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பற்றாக்குறை வந்தால், முதலில் அடிக்க வேண்டியது உங்கள் சொந்த ஆசைக்கு எழுதிய வரியை. அது எப்படியும் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும்.

நேற்று நிச்சயதார்த்தம். சாந்தி எல்லோரிடமும் கையை ஆட்டி ஆட்டித்தான் பேசினாள். பந்தியில் மச்சான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, உங்க வரி ஊரெல்லாம் பேச்சுங்க. கல்யாணப் பத்திரிக்கைல நானும் அதையே போட்ரட்டுமுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சாந்தி முந்திக்கொண்டாள்.

"தாராளமாப் போடுங்கண்ணா. நாங்க ஒரு கடியாரத்தோட வந்தர்றோம்."

அடுத்த பத்து விசேஷங்களுக்கு எங்கள் பட்ஜெட் தயார்!