மச்சானின் ஈரல்

பெரம்பலூர் ஸ்கேன் சென்டரில் கொடுத்த உறையை மச்சானுக்கு முன்பாகப் பிரித்தவன் நான்தான். அக்காவின் கணவரான அவர் துபாயிலிருந்து விடுப்பில் லப்பைக்குடிக்காட்டுக்கு வந்திருந்தார். வயிற்று வலிக்காக எடுத்த ஸ்கேனில், கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாக எழுதியிருந்தது. நான் பத்து வருடமாக மருந்துக் கடையில் நிற்பவன். ஈரலுக்கு மாத்திரை கேட்டு வருகிறவர்களின் வாயிலிருந்து என்ன வாடை வரும் என்று எனக்குத் தெரியும். ஐந்து வேளை தொழுகிற மனிதரைப் பற்றி அந்த நிமிடமே முடிவுகட்டிவிட்டேன்.

அதன்பின் அவர் செய்ததெல்லாம் தப்பாகவே பட்டது. அத்தர் பூசினால், எதை மறைக்கிறார் என்று யோசித்தேன். அவருடைய தண்ணீர் பாட்டிலைத் திருட்டுத்தனமாக முகர்ந்தேன். வாடை இல்லை. கெட்டிக்காரர், தடயம் வைக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். தொப்பையும், டீக்கு மூன்று கரண்டி சர்க்கரையும் மட்டும் என் கண்ணில் படவே இல்லை. கடைசியில் அக்காவிடம் போட்டுக் கொடுத்தேன். “அங்க குடிக்கிறாரு போலருக்கு. எதுக்கும் பாத்துக்க.”

அடுத்த வாரம் டாக்டரிடம் நானே துணைக்குப் போனேன். மச்சானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, “எவ்வளவு நாள் குடிச்சா சார் இப்படி ஆவும்?” என்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “குடிக்காதவங்களுக்கும் நெறைய வருதுங்க. தொப்பை போட்டா, இன்சுலின் சொல்றத உடம்பு சரியா கேக்காது. அதனால அது இன்னும் கூடுதலா சுரக்கும். சாப்பிடுற சர்க்கரையெல்லாம் ஈரல்ல கொழுப்பா சேரும். எடையக் கொறைங்க, சரியாயிரும்.”

அவரையும் நான் நம்பவில்லை. ரத்தப் பரிசோதனையில் இன்சுலின் அதிகம் என்று பார்த்த பிறகுதான் அடங்கினேன். பஸ்ஸில் மச்சான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். “என்ட்ட கேட்டிருக்கலாம்ல மாப்ள.”

இப்போது அவர் இளைத்துவிட்டார். ஈரலிலும் கொழுப்பு குறைந்துவிட்டது. ஆனால் டாக்டரிடம் போய்த் திரும்பிய அந்தச் சாயங்காலம் எனக்குள் அப்படியே இருக்கிறது. அவர் குடிக்கவில்லை என்பதை அக்காவிடம் போனில் முன்பே சொல்லியிருந்தேன். அக்கா கதவைத் திறந்தாள். மச்சான் செருப்பைக்கூடக் கழற்றாமல், அவள் முகத்தருகே குனிந்து வாயைத் திறந்தார். நான் போட்டுக் கொடுத்த நாளிலிருந்து தினமும் இது நடந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“வேணாங்க,” என்றாள் அக்கா.

அவர் காதில் வாங்கவில்லை. ஊதிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போனார்.