தைலப் புட்டியில் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரில் அவருடைய இளவயதுப் படம் எங்கே என்று உறவினர்கள் கேட்பீர்கள். இருப்பது ஒரே படம். அது கடைத்தெரு முழுக்கத் தைலப் புட்டிகளில் ஒட்டியிருக்கிறது. அதை இங்கே போட எங்களுக்கு மனம் வரவில்லை.

குந்தாவில் அணை வேலைக்கு வந்த தந்தைக்கு மூத்த மகளாக அக்கா பிறந்தார். இளம் வயதிலேயே கணவரை இழந்தார். இரண்டு பெண் குழந்தைகளோடு ஊட்டிக்கு வந்து, யூகலிப்டஸ் இலையைக் காய்ச்சித் தைலம் இறக்கினார். கலப்படம் அறியாதவர். சுற்றுலா வந்தவர்கள் ‘அக்கா தைலம்’ என்றே கேட்டு வாங்கினார்கள். அந்தப் பெயரையும் தம் படத்தையும் போட்டு லேபிள் அடித்தார்.

தெரிந்த வக்கீல் ஒருவர் டிரேட் மார்க் பதியச் சொன்னபோது அக்கா சிரித்துவிட்டார்.

“எம் மூஞ்சியே ஒட்டியிருக்குதுங்க. இதுக்கு மேல என்னத்தைப் பதியறது?”

புட்டிகளைச் சமவெளிக்கு எடுத்துப்போய் விற்ற ஏஜெண்ட், பெயரையும் படத்தையும் சத்தமில்லாமல் தன் பேரில் பதிந்துகொண்டார். அந்த லேபிளில் அக்கா விற்கக் கூடாது என்று பிறகு நோட்டீஸ் வந்தது. முதலில் விற்றவர் அக்காதான் என்று வழக்காடியிருக்கலாம். ஆனால் அவர் பில் போட்டு விற்றவரில்லை, கோர்ட்டுக்கு அலைய ஆளுமில்லை. லேபிள் இல்லாமலே விற்றுப் பார்த்தார். “இது டூப்ளிகேட்டுங்க, படமே இல்லை” என்று வாங்க வந்தவர்கள் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு எஸ்டேட் வேலைக்குப் போனார்.

கடைசி நாட்களில் மூச்சு முட்டியபோது, ஆஸ்பத்திரியில் அவரைக் கவனித்துக்கொண்ட பெண் ஒரு புட்டியைத் திறந்தார். படத்தை வெகுநேரம் பார்த்த அக்கா, “இது ஆரு, கண்ணு?” என்றார்.

“தெரியலீங்க ஆயா. கம்பெனிக்காரரு ஊட்டுப் பொண்ணா இருக்கும்.”

“இருக்கும்” என்று சொல்லிவிட்டு, அக்கா தைலம் தேய்க்க நெஞ்சைக் காட்டினார். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

அந்தப் பெண்ணுக்கும், தோள் கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும், கொட்டும் மழையில் மயானம் வரை வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. கடை வைத்திருக்கும் சொந்தங்களிடம் ஒரு வேண்டுகோள். டீத்தூளோ வர்க்கி பிஸ்கட்டோ, எந்தப் பெயரில் விற்கிறீர்களோ அதை முதலில் பதிந்துவிடுங்கள். டிரேட் மார்க்கைப் புதுப்பித்துக்கொண்டே போனால் அதற்குச் சாவே கிடையாதாம். அக்காவை நாங்கள் தகனம் செய்துவிட்டோம். ஆனாலும் பஜாரில் நான் தலை குனிந்துதான் நடக்கிறேன். கடைக்குக் கடை அவர் நின்றுகொண்டிருக்கிறார், இன்னும் வேறொருவருக்குச் சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டு.

— தம்பி